மொட்டைக் கடுதாசி

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். அங்கே தயாராகும் பொருளை வாங்கும் ஐரோப்பிய நாட்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. தொழிலாளரின் மனித உரிமை காக்கப்படுகிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டுமாம். விசாரிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு நான் மொழிபெயர்ப்பாளர்.

முன்னால் வந்தவர்கள் அடையாள அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "எல்லாம் நல்லா கீது மேடம்" என்றார்கள். இந்தப் பெண்ணோ, வேலையில் முடியை மூடிப் போடும் வலைத்தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் தெரிய வந்து உட்கார்ந்து, அட்டையை வெளியே எடுத்துப் பெயர் தெரியும்படி நேராக்கினார். பேச்சு முழுக்க அதை நேராக்கிக்கொண்டே இருந்தார்.

"லைனுக்கு ஒரே பாத்ரூம் டோக்கன். ஒருத்தி எடுத்துக்கினு போனா, அது திரும்பி வர்ற வரைக்கும் மத்தவங்க அடக்கிக்கினு நிக்கணும். கேட்டா சூப்பர்வைசர் சிரிக்கிறாரு. எழுதிக்கோங்க. என் பேரையும் எழுதுங்க."

அவருடைய பாதுகாப்புக்காகப் பெயரை எழுதக்கூடாது, அதுதான் விதி என்று பெண்மணி சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"நான் இன்னா மொட்டக் கடுதாசியா போடறேன்? பேரே இல்லாதவளுக்கு இன்னா உரிமை?"

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே நின்ற எச்.ஆர். அதிகாரியிடம் தன் பெயரைச் சொல்லி, டோக்கன் விஷயத்தை உரக்க மறுபடி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ இன்னா ரகசியம் கீது? எழுதச் சொல்லுங்க சார்."

அறிக்கையில் 'ஒரு பெண் தொழிலாளி' என்றுதான் போயிற்று. நானும் இங்கே பெயரை எழுதவில்லை. அவரைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். அவர் படித்தால், இதையும் மொட்டைக் கடுதாசி என்றுதான் சொல்வார்.