வாளிக்கு அடியில் வைத்த தட்டுகள்

தண்ணீர் ஊற்றுமுன் மச்சாள் சுட்டுவிரலை மண்ணுக்குள் முதல் கணு வரை விட்டுப் பார்ப்பார். விரலில் ஈரமண் ஒட்டி வந்தால் அந்த வாளிக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மச்சாள் என்றால் என் அண்ணாவின் மனைவி; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். கொட்டாஞ்சேனையில் நான்காம் மாடி, ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் பல்கனி, அதில் பன்னிரண்டு பழைய பெயின்ட் வாளிகள். அண்ணாவுக்கு வேலை போய், காஸ் சிலிண்டருக்காக ஊரே தெருவில் நின்ற வருஷம் அது. அவர்கள் வீட்டுக் கறி அந்த வாளிகளிலிருந்துதான் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. தைப்பொங்கல் முடிந்த கையோடு மிளகாயும் கத்தரியும் விதைப்பார். வைகாசி மழை தொடங்குமுன் கன்று நிமிர்ந்துவிட வேண்டும் என்பார். தக்காளியை மழைக்குக் காட்டவே மாட்டார், சுவரோரம் இழுத்துவிடுவார். சந்தையில் வாங்கிய பொன்னாங்காணியில் இலை சட்டிக்குப் போகும், தண்டு வாளிக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீரில் நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்துதான் ஊற்றுவார். மிளகாய் இலை சுருண்டால் வேப்பிலை ஊறிய தண்ணீர் தெளிப்பார். நான் வெள்ளவத்தையிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கீரை தயாராக இருக்கும். "கொண்டு போங்கோ மச்சாள், இஞ்ச கிடந்தா முத்திப்போகும்" என்பார். இல்லாத வீட்டிலிருந்து வாங்கி வந்தேன். வெட்கமில்லை எனக்கு.

வாளிகளின் அடியில் துளை போட்டிருந்ததால், வடிந்த தண்ணீர் கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்புகளில் சொட்டியது. "அனே நங்கி, வத்துர!" ஐயோ தங்கச்சி, தண்ணீர் என்று கீழ்வீட்டு அம்மா சிங்களத்தில் கூப்பிடுவார். முதலில் சிரித்துக்கொண்டு, பிறகு சிரிக்காமல். கடைசியில் மாடிவீட்டுக் கமிட்டி, இன்னொரு முறைப்பாடு வந்தால் வாளிகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மச்சாள் அழுதுவிட்டார். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் உடனே வழி தெரியுமே! அன்றைக்கே போய்ப் பன்னிரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கி வந்து ஒவ்வொரு வாளிக்கும் அடியில் வைத்தேன்.

"தண்ணி நிண்டா நுளம்பு வருமல்லோ மச்சாள்?" என்று கொசுவுக்குப் பயந்து தயங்கினார்.

"நாலாம் மாடிக்கு நுளம்பு ஏறி வருமே? நீங்கள் சும்மா பயப்பிடாதேயுங்கோ" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

வைகாசி மழை விடாமல் பெய்தது. மச்சாளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள், டெங்கு என்று ஆஸ்பத்திரி வாட்டில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். அண்ணா கட்டிலருகே இருக்க, மாற்றுடுப்பு எடுக்க வீட்டுப் பூட்டின் திறப்போடு நான் போனேன். பல்கனியில் குனிந்து பார்த்தேன். தட்டுக்குத் தட்டு தண்ணீர், அதில் நுளம்புப் புழுக்கள் நெளிந்து துள்ளிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் கவிழ்த்து, தட்டுகளைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பிறகு பைத்தியக்காரி மாதிரிப் பப்பாசி இலை தேடி அலைந்தேன். அதன் சாறு குடித்தால் பிளேட்லெட் ஏறும் என்று ஊரெல்லாம் சொன்னது. டொக்டர் மட்டும் சொல்லவில்லை. மாளிகாவத்தையில் ஒரு மதிலுக்கு மேலால் மரம் தெரிந்தது. கதவைத் தட்டினேன். "எவ்வளவு வேணுமோ எடுத்திட்டுப் போங்க, நாங்களும் துஆ கேக்கிறோம்" என்று அந்த முஸ்லிம் ஐயா தானே வெட்டித் தந்தார். மூன்று நாள் பிழிந்து கொடுத்தேன். ஏழாம் நாள் மச்சாள் போய்விட்டார்.

பக்கத்துக் கட்டடவேலையில் குளம்போலத் தண்ணீர் நின்றது, நுளம்பு அங்கிருந்து வந்திருக்கும் என்று செத்தவீட்டில் கதைத்தார்கள். இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்னை ஒரு நாளும் தூங்க விட்டதில்லை.

இப்போது வெள்ளவத்தையில் என் வீட்டிலும் வாளிகள் இருக்கின்றன. பார்த்தவர்கள் யோசனை கேட்பார்கள். எப்போது விதைப்பது என்பதைப் பிறகு சொல்வேன். முதலில், தட்டு வைக்காதீர்கள் என்பேன். வைத்தே ஆகவேண்டுமென்றால் விளிம்பு வரை மணல் நிரப்புங்கள். வெறும் தட்டென்றால் மூன்று நாளைக்கொருமுறை தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குரல் உயர்ந்துவிடும் எனக்கு. இவளுக்கு என்ன பிடித்தது என்பதுபோலப் பார்ப்பார்கள்.

இந்த வருஷத் திவசத்தன்று, சாப்பாடு முடிந்தபின், அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். தட்டு வாங்கியது, புழுவைக் கண்டது, மறைத்தது, எல்லாம். ஏசட்டும், அடிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அண்ணா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் பிள்ளை. அவ வாட்டிலயே சொன்னவ. காய்ச்சலோட பல்கனிக்குப் போய்ப் புழுவைக் கண்டவ. தட்டுத் தண்ணியை ஊத்தக் குனிய, தலை சுத்திப்போட்டுதாம். 'மச்சாளிட்டச் சொல்லிப்போடாதேயுங்கோ, பாவம், எனக்காகத்தானே வாங்கினவ' எண்டவ."

மூன்று நாள் அந்தக் கட்டிலருகே இருந்து, கசப்புச் சாற்றைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று முழு நாட்கள் இருந்தன. நானோ, கத்தரி பூத்திருக்கிறது மச்சாள், வந்து பாருங்கோ என்று கதைத்துக்கொண்டிருந்தேன்.