ஏழாம் நம்பர் கிடாயின் கழுத்துத் துடிப்பு

காரைக்குடிக்கு வெளியே ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஆடுகளைக் கவனிக்கும் டெக்னீஷியனாக இருந்தேன். திரவ நைட்ரஜனில் மாதக்கணக்கில் உறையவைத்த ரத்தக்குழாயை உருக்கி, கொட்டிலில் இருந்த பத்து ஆடுகளில் ஆறின் கழுத்துக் குழாயில் ஒரு துண்டாகத் தைத்திருந்தார் டாக்டர் மீனாள். ஒரு வருஷம் அடைக்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அடைத்தாலும் மறுபக்கக் குழாய் இருப்பதால் ஆடு பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும், வெளியே தெரியாது. ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் கருவி ரிப்பேருக்குப் போய் மூன்று மாதமாகியிருந்தது. அந்த மூன்று மாதமும் தினமும் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதியது நான்தான்.

மற்ற ஐந்தும் சாது, இரண்டு விரல் வைத்தாலே நிற்கும். ஏழாம் நம்பர் முரட்டுக் கிடாய். ஒரு கையால் கொம்பைப் பிடித்து, மறுகையின் நாலு விரலால் தாடையை அணைத்து, கட்டை விரலால் கழுத்தை அழுத்தினால்தான் நிற்கும். தினமும் 'துடிப்பு உண்டு' என்று எழுதினேன்.

ரிப்போர்ட் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது என் மனைவிக்கு மயக்கம் வந்தது. ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் அவள் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்தேன். நர்ஸம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"கட்டை வெரல வைக்காதீக. ஒங்க துடிப்புத்தான் ஒங்களுக்குத் தெரியும்."

மனைவிக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை குறைந்திருந்தது. எனக்கு ஏழாம் நம்பரின் கழுத்தில் வைத்த கட்டை விரல்தான் ஞாபகம் வந்தது. மறுநாள் முதல் டவுன் பஸ்ஸிலேயே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேனைக் கொம்பைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இடம் மாற்றி மாற்றி அழுத்தினேன். கிடாய் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, இன்றைக்குத்தான் அடைத்தது என்று எழுதிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இப்போது அதை மறைக்கக் கூசுகிறது, நினைத்தேன்தான். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்னைக்கு அடைச்சுச்சுண்டு தெரியுமாண்ணே?"

"தெரியாது மேடம்."

"அந்தத் தேதிதாண்ணே நம்ம ரிசல்ட்டே. மத்த அஞ்சும் ஓடுது, சரி. இது எத்தன மாசம் தாங்குச்சுண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

 அந்தக் கிடாயின் மூன்று மாதப் பதிவையும் என் கையாலேயே சிவப்பு மையால் கோடு போட்டு அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ரிப்போர்ட் தள்ளிப்போனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கிடாய் முரண்டு பிடித்தது பாதிக் காரணம்தான். அந்தத் துடிப்பு இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. ஆசையோடு தொட்டால் எல்லாக் கழுத்திலும் துடிப்பு இருக்கும்.