சிவந்துபோன மஞ்சள் நட்சத்திரம்

இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் குழைத்த மஞ்சள், மற்றதில் துணிக்குப் போடும் நீலம் கலந்த சுண்ணாம்பு. தாராவியில் பக்கத்து அறை அத்தையின் வீட்டுத் தரையில், அவற்றுக்கு நடுவே அக்காவும் நானும். அறுபதுகளில் ஒரு டிசம்பர். கப்பல் வேலைக்குப் போன மாமா இரண்டு வருடம் கழித்து அன்றைக்குத்தான் வருகிறார். அவருக்காக அத்தை முந்தின நாள் முழுக்க ஸ்டூல் மேல் நின்று, தானே சுவருக்கு வெளிர்நீலம் அடித்திருந்தாள். எங்களைக் காவல் வைத்துவிட்டுத் துறைமுகத்துக்குக் கிளம்பும்போது சொன்னாள்: “ஏ பிள்ளியளா, சுவத்துல ஒரு விரல் பட்டுச்சு, பொறவு இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க.”

விரல் படவில்லை, குச்சியில் சுற்றிய துணிதான் பட்டது. மாமாவை வரவேற்க மஞ்சளில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அக்காவின் யோசனை. கோடு இழுத்ததும் மஞ்சள் சிவந்தது. அதை மறைக்க இன்னும் மஞ்சளை அப்பினாள், இன்னும் சிவந்தது. புதுச் சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் என்னவாகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

“என்னத்தட்டி கலந்த?”

“மஞ்சதான்க்கா. மாதா மேல சத்தியமா.”

சுரண்டினோம். மிச்சச் சுண்ணாம்பைப் பூசினோம். ஈரத்தில் அது வெறும் தண்ணீர். அடியில் சிவப்பு பல்லிளித்தது. அக்கா நீலத்தைக் கூட்டினாள். சுவரில் மழைமேகம் போல ஒரு திட்டு. இனி இந்த வீடு இல்லை, அத்தை இல்லை என்று நான் அழுதேன். “அழாதட்டி, ஈரம் காயாது” என்று அக்கா விசிறியால் வீசினாள். வீச வீச, திட்டு வெளுத்தது, வெளுத்து, மெல்ல மெல்லச் சுவரோடு சேர்ந்துகொண்டது. நாங்கள் ஒன்றுமே கலக்காமல் சும்மா இருந்தபோதுதான் நிறம் தானாக வந்தது.

முழுதாக வரவில்லை. பெட்டியை இறக்கியதுமே மாமா சுவரை உற்றுப் பார்த்தார். “அரே, என்னளா, சுவத்துல நட்சத்திரம் மாதிரி தெரியுது?”

அத்தை சுவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் மஞ்சள் விரல்களை. நான் கைகளைப் பின்னால் மறைத்தேன்.

“நாந்தான் போடச் சொன்னேன். இதுக ஒரு முனைய கோணலாக்கிட்டுக” என்றாள்.

இன்று மும்பை முலுண்டில் எங்கள் வீட்டில், பெயிண்டரின் காலடியில் இரண்டு டப்பாக்கள். ஈரச் சுவரைப் பார்த்து மகள் பதறுகிறாள். கேட்ட நிறம் இல்லையாம். காயட்டும் என்கிறேன். என் கண்கள் மட்டும் அந்த ஈரத்தின் அடியில், கோணிப்போன ஒரு முனையைத் தேடிக்கொண்டிருக்கின்றன.