“ஆட வந்திருக்கறனுங்க”

“பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில உக்காருங்க” என்று வாசலில் நிற்கும் பெண் கையை நீட்டித் தடுப்பதற்குள் கலைமணி கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துவிடுவார். “ஆட வந்திருக்கறனுங்க.” அந்தப் பெண் அட்டையைப் பார்ப்பாள், கலைமணியின் நெற்றியோர நரையைப் பார்ப்பாள், திரும்பவும் அட்டையைப் பார்ப்பாள். சேலம், ராசிபுரம், நாமக்கல் என்று எந்த ஊர் சதுரங்கப் போட்டிக்குப் போனாலும் இதே கதை. என் மகளை அழைத்துக்கொண்டு அதே போட்டிகளுக்குப் போகிறவன் என்பதால் எனக்கு இந்தக் காட்சி பழக்கம். கலைமணிக்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வொரு முறையும் காது மடல் சிவந்துபோகிறது.

உள்ளே போனதும் கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஒருமுறை அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று எதிராளி புகார் சொல்லிவிட்டார். பிறகு செருப்பை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலைத் தரையில் அழுத்தி உட்காருவார். அனேகமாக அது கடைசி வரிசை மேசையாகத்தான் இருக்கும். தரவரிசையில் பெயர் இல்லாதவர்களுக்கு அங்கேதான் இடம்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் லாரி கம்பெனியின் அலுவலகத்தில் வேலை. வடக்கே எங்கெங்கோ ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். துளைபோடும் பிட் தேய்ந்துவிட்டது, கம்ப்ரசர் நின்றுவிட்டது, ஆள் ஊருக்கு ஓடிவிட்டான். ஒன்று விடாமல் கேட்டு, திட்ட வேண்டியவர்களைத் திட்டி, அனுப்ப வேண்டியதை அனுப்புவார். அழைப்பில்லாத நேரத்தில் கைப்பேசியில் ஆடப் பழகியதுதான் செஸ். கணவர் அருணகிரியும் சத்தீஸ்கர் பக்கம் ஒரு ரிக்கில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு “என்ன ஆச்சு?” என்பார். “தோத்துட்டனுங்க” என்பார் இவர். “செரி, உடு” என்று அவர் வண்டிக் கதைக்குப் போய்விடுவார்.

அந்த “உடு”தான் கலைமணியால் முடியாதது.

தோற்பதில் அவருக்குக் கோபமில்லை. கால் தரையில் எட்டாத குழந்தைகள் அவரைச் சர்வசாதாரணமாகத் தோற்கடித்துவிட்டு, “ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?” என்று கேட்டிருக்கின்றன. “அதுககிட்ட என்னங்க கோவம்? ஒழுங்கா ஆடி ஜெயிக்குதுக” என்பார். கோபமெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள் மேல். ஒரு காயை நகர்த்திவிட்டு எழுந்து போய், மற்ற மேசைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பவர்கள். கொட்டாவி விடுபவர்கள். “எனக்கு எதுக்கால உக்காந்தாலே அவங்களுக்கு நேரம் வேஸ்டுங்களாம்.”

அதற்கு அவர் கண்டுபிடித்த பதில், தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் கடைசிக் காய் வரை ஆடுவது. ராணி போய், யானை போய், தனி ராஜாவோடு நின்றாலும் ஆடுவார். “தோத்துட்டேன்னு நானா எதுக்குங்க சொல்லோணும்? வந்து மேட் வெச்சுட்டுப் போகட்டும்.” சாப்பாட்டுக்குப் போக முடியாமல் வல்லவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லோருமே ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள்தாம். கலைமணிக்குக் கோபம் ஏற ஏற அந்த ‘ங்க’ பெருகும், குரல் இறங்கும். ரிக் டிரைவர்களுக்கு இது தெரியும். “அக்கா ரொம்ப மரியாதையாப் பேசுச்சுன்னா போனை வெச்சிரோணும்” என்பார்களாம்.

சென்ற மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தரவரிசை எண் உள்ள ஒருவரிடம் ஓர் ஆட்டத்தையாவது சமனாக்கிவிட வேண்டும், அரைப் புள்ளி எடுத்துவிட வேண்டும் என்பது கலைமணியின் நெடுநாள் ஆசை. தன் பெயரும் பட்டியலில் ஏறுவதற்கு அதுதான் வழி என்று நம்பியிருந்தார். அன்று எதிரே வந்து உட்கார்ந்தவர் சிவபிரகாஷ். சேலத்தில் செஸ் வகுப்பு நடத்துகிறவர். அந்த மண்டபத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் மாஸ்டர். வழக்கம்போல எழுந்து எழுந்து போய்த் தன் மாணவர்களின் ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

அப்படி ஒருமுறை திரும்பி வந்து உட்காராமலே குனிந்து, தன் குதிரையைத் தொட்டார். அந்தக் குதிரைக்குப் பின்னால் அவர் ராணி இருந்தது. குதிரை நகர்ந்தால் கலைமணியின் பிஷப் ராணியை வெட்டிவிடும். தொட்ட பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. விரலை எடுத்து, நிதானமாக உட்கார்ந்து, யானையை நகர்த்தினார்.

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் விதி. கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்வதென்றால் தொடும் முன்பே ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிட வேண்டும். கலைமணி கையை உயர்த்தினார். நடுவர் வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த எனக்குப் பலகை தெரியாவிட்டாலும் பேச்சு நன்றாகவே கேட்டது.

“குதிரையத் தொட்டாருங்க. அதைத்தானுங்க நகர்த்தோணும்.”

“கோணலா இருந்துச்சு, சரிபண்ணுனேன் சார். அட்ஜஸ்ட்னு சொன்னனே” என்றார் சிவபிரகாஷ்.

“சொல்லலீங்க.”

நடுவர் பக்கத்து மேசைகளைப் பார்த்தார். யாரும் தலைநிமிரவில்லை. “சாட்சி இல்லீங்களே அக்கா. அவரு கிளாஸ் நடத்துறவரு, அப்பிடியெல்லாம் பண்ண மாட்டாரு. ஆடுங்க.”

“கிளாஸ் நடத்துறவங்களுக்குக் கை இருக்காதுங்களா?”

நடுவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். கலைமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார். அதன்பின் அவர் ஆடிய ஆட்டம் நல்ல ஆட்டமில்லை. கோபத்தில் ஒரு சிப்பாயை விட்டார், பிறகு இன்னொன்றை. சிவபிரகாஷ் எழுந்து போவதை மட்டும் நிறுத்திவிட்டார். பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மற்ற ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. பெற்றோரையும் உள்ளே விட்டுவிட்டார்கள். நான் மேசைகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிவபிரகாஷ் ஜெயிக்கும் நிலையில் இருந்தார். என் மகளுக்கே அது தெரிந்தது. அப்போது அவர் மெல்லக் குனிந்து, “டிரா வெச்சுக்கலாமாங்கக்கா?” என்றார்.

கலைமணி நிமிர்ந்து பார்த்தார். தேடி அலைந்த அரைப் புள்ளி மேசைமேல் கிடந்தது. தலையை ஆட்டினால் போதும்.

“எனக்குக் குடுக்கறதுக்கு அது உங்களுதுங்களா?” என்றார். “டிரா வேணும்னு கேட்டனுங்களா? உங்க குதிரையத்தானுங்க நகர்த்தச் சொன்னேன். ஆடுங்க.”

சிவபிரகாஷின் முகம் கறுத்தது. ஆடினார். கலைமணியின் ராணி போயிற்று, இருந்த ஒரே யானையும் போயிற்று. தனி ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திக்கொண்டே இருந்தார், மேட் விழும் வரை. இருவரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

முறைப்படி சிவபிரகாஷ் கை நீட்டினார். கலைமணியும் நீட்டினார். பிடித்த கையை விடவில்லை.

“இந்தக் கைதானுங்களா?”

“அக்கா, ஆட்டம் முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சிருச்சுங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க, கையெழுத்தும் போட்டுட்டனுங்க. இந்தக் கை குதிரையத் தொட்டுச்சுங்களா, இல்லீங்களா?”

அவர் கையை உருவப் பார்த்தார். முடியவில்லை. மாணவர்கள் சிலர் கயிற்றோரம் வந்து நின்றிருந்தார்கள். அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“தொட்டனுங்க” என்றார்.

“அட்ஜஸ்ட்னு?”

“சொல்லலீங்க.”

மண்டபத்தின் மறுகோடியில் நடுவர் முடிவுகளை எழுதி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கலைமணி வலது கையின் பிடியைத் தளர்த்தவில்லை. இடது கையை, ஆட்டம் நடக்கும்போது உயர்த்துவதுபோல, நேராக மேலே உயர்த்தி, நடுவர் திரும்பிப் பார்க்கும் வரை அப்படியே வைத்திருந்தார்.