ஒரு படி மட்டும் பச்சை

நீங்கள் அந்த நிரலை ஒழுங்காக ஓட்டிப் பார்க்கவே இல்லை. பழைய கணினி வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் அதைப் போட்டது நீங்கள். படம் கெட்டு வருகிறது என்று நான் கேட்டதும், "மெஷின் செத்துப்போச்சு, கிராபிக்ஸ் சிப்பைக் கழட்டி மாத்துங்க" என்று நாலு பேர் சிரிக்க எழுதியதும் நீங்கள்.

அரக்கோணத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய கணினி. டிவியில் செருகி ஓட்ட வேண்டும். அந்த சிப் இனி எங்கும் கிடைக்காது. கழற்றும்போது அதன் உலோகக் கால்களில் ஒன்று உடைந்தால் அதோடு சரி.

நான் வரைந்தது திருத்தணி மலைப்படிகளை. மேலே வானம், கீழே மஞ்சளும் சிவப்புமாகப் படிகள். ஒரு நேரத்தில் நாலு நிறம்தான் அந்தக் கணினிக்கு முடியும். அதனால் டிவி மேலிருந்து வரிவரியாக வரைந்து பாதிக்கு வந்ததும், ஓடும் வேலையைக் கண நேரம் நிறுத்தி நிறங்களை மாற்ற வேண்டும். அந்த இடைமறிப்பு நிரல்தான் உங்களுடையது. வானம் சரியாக வந்தது. படிகளை வரையும்போது ஏதோ ஒரு படி மட்டும் பச்சையாக வந்தது. மறுபடி ஓட்டினால் வேறு படி. சிப் கெட்டிருந்தால் ஏன் இடம் மாறுகிறது? அந்தக் கேள்வி விடவே இல்லை. இருந்தும் உங்களை நம்பி, சிப்பைக் கழற்ற சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். அதற்குள் அக்கா திருத்தணி மலைக்குப் படிபூஜை செய்யக் கூப்பிட்டாள். ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனேன்.

அவள் கையில் மஞ்சள் கிண்ணம், என் கையில் குங்குமம். ஒவ்வொரு படிக்கும் முதலில் அவள் மஞ்சள், அதன்மேல் நான் குங்குமம். நடுவில் அவளுக்கு போன் வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனைக் கொடுத்தேன். பேசி முடித்ததும் கிண்ணத்தை மாற்றி, குங்குமத்தைக் கொடுத்துவிட்டேன். அவள் பார்க்காமலே, மஞ்சள் வைக்காத வெறும் படியில் குங்குமத்தை வைத்தாள்.

"ஏண்டா, கையில இருந்தத வாங்கினா அதையே திருப்பிக் குடுக்க மாட்டியா? நான் குனிஞ்சிகினு கீறேன், கிண்ணத்தையா பாத்துகினு இருப்பேன்?"

"ஒரு படிதானக்கா."

"ஆங். சாமிகிட்ட நீயே சொல்லிக்கோ."

வீட்டுக்கு வந்து உங்கள் நிரலை வரிவரியாகப் படித்தேன். கணினியின் மூளையான செயலி ஒரு நிற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு படி வரைந்துகொண்டிருக்கிறது. உங்கள் நிரல் நடுவில் புகுந்து, அதே கையில் தன் எண்ணை வைத்து வேலையை முடித்துவிட்டு, பழையதைத் திருப்பித் தராமல் போய்விடுகிறது. நுழையும்போது எடுத்துவைக்க ஒரு வரி, வெளியேறும்போது திருப்பித் தர ஒரு வரி. சேர்த்தேன். எல்லாப் படியும் சரியாக வந்தது. சிப் அதன் இடத்திலேயே இருக்கிறது.

திருத்தியதைக் குழுவில் போட்டதும், எனக்குத் தனியாக "சாரி" என்று அனுப்பியிருக்கிறீர்கள். அது எனக்கு வேண்டாம். உங்கள் பேச்சைக் கேட்டு வேறு யாராவது சிப்பைக் கழற்றியிருந்தால்? வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நிரலை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா, இல்லையா? சிரித்த அதே குழுவில், எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள்.