கதவுப் பாட்டின் மீதிப் பாதி

கதவுப் பாட்டு என்பது அவர்கள் வைத்த பெயர். உண்மைப் பெயர் கேசட் அட்டையில் இல்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போன நண்பன் ஒருவன் பழைய ராக் குழுக்களின் பாட்டுகளை வரிசையாகப் பதிந்து அனுப்பியிருந்தான். அட்டையில் "கேட்டுட்டு வேலைய விட்டுடாதீங்க" என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு, யாரோ கதவைத் தட்டுவது போல நான்கு டிரம் அடிகளோடு ஆரம்பிக்கும். கிதார் நுழையும், பேஸ் கிதார் அடியில் தரையைப் போடும், பாட்டு ஏறிக்கொண்டே போகும். உச்சியில் பாடகர் ஒரு வரியை மூச்சு முட்ட இழுப்பார். டிரம்மில் ஒரே ஓர் அடி. அதோடு வெட்டிய மாதிரி நின்றுவிடும்.

"என்ன நெஞ்சழுத்தம் பாரு" என்றார் ரொட்டிக்காரர். "உச்சில ஏத்தி விட்டுட்டு ஏணிய எடுத்துட்டான்."

ரொட்டிக்காரர்தான் இவர்கள் குழுவின் பாடகர், பேக்கரி வைத்திருந்தார். கிதார் வாசிப்பவன் கண்ணாடி வெட்டுபவன். பேஸ் கிதார் வாசிப்பவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவருடைய மனைவிதான் சலவை அக்கா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கண்ணாடி வெட்டுபவன் அக்காவின் உடன்பிறந்த தம்பி. முன்பு டிரம்ஸ் வாசித்தவன் கல்யாணமாகி வேறு ஊர் போனபோது, ஆள் கிடைக்கும்வரை சும்மா தாளத்தைப் பிடித்துக்கொள் என்று அக்காவை உட்கார வைத்தார்கள். ஈரத் துணி தூக்கித் தூக்கி உரமேறிய கை. முதல் நாளே தம்பி திரும்பிப் பார்த்து, "அக்கா, அது டிரம்மு, அழுக்குத் துணி இல்ல" என்றான். பிறகு ஆள் தேடுவதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

கதவுப் பாட்டின் முடிவுதான் அவர்களைப் படாதபாடு படுத்தியது. நான்கு பேர் சேர்ந்து தொடங்குவது எளிது. சேர்ந்து நிற்பது எளிதல்ல. பேக்கரியின் மாவுக் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே வாசிப்பார்கள். ஒருவன் நின்ற பிறகும் இன்னொருவரின் கம்பி ரீங்கரித்துக்கொண்டிருக்கும். ஒரு மதியம் அக்கா ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து ஆளுக்கொரு மூலையைக் கொடுத்தார். "சலவைக்கூடத்துல மடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரு இழுத்து உதறுவோம். ஒரே நேரத்துல இழுத்தா சட்டுனு சத்தம் வரும். ஒருத்தர் பிந்தினா அந்த மூலை தொங்கும். இழுங்க." இழுத்தார்கள். ரொட்டிக்காரரின் மூலை தொங்கியது.

"மாவு பிசையற கைம்மா" என்றார் அவர்.

"அப்ப அந்த மூலையையும் சேத்துப் பிசைஞ்சு எடுத்துட்டு வாங்கண்ணே."

விரிப்பு நான்கு மூலையிலும் ஒன்றாக விறைத்த பிறகுதான் வாத்தியங்களைத் தொட விட்டார். அப்புறம் அந்தப் பாட்டு அவர்கள் நிறுத்திய இடத்தில் உண்மையாகவே நின்றது. கல்லூரி விழாக்களில், தொழிற்சாலை ஆண்டுவிழாக்களில், கல்யாண வரவேற்புகளில் அதைக் கேட்டே கூட்டம் வந்தது. வெட்டு விழும் இடம் எல்லோருக்கும் அத்துப்படி. மேலே தூக்கிய கைகள் அப்படியே நிற்கும். ஒரு மூச்சு நேரம் சிலைகள். பிறகு கைத்தட்டலில் கூரை பறக்கும்.

பல ஆண்டுகள் இப்படிப் போயின. ஒருநாள் ரொட்டிக்காரர் ஒரு பழைய பொருள் கடையில் கதவுப் பாட்டு இருந்த இசைத்தட்டைக் கண்டுபிடித்தார். கிடங்கில் எல்லோரையும் உட்கார வைத்து ஓட விட்டார். நான்கு தட்டல்கள், ஏற்றம், உச்சி, அந்த ஓர் அடி. பாட்டு நிற்கவில்லை. மறுபக்கம் இறங்கி, ஆறு மாதிரி அகன்று, பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, கடைசியில் ஒலி குறைந்து குறைந்து எங்கோ தொலைவில் மறைந்தது.

"கேசட்டுல டேப் தீந்துபோயிருக்கு" என்றான் தம்பி.

"அப்ப ஏணிய எடுத்தது அவன் இல்லையா?" என்றார் லிஃப்ட்காரர்.

"சிரிக்காதீங்கப்பா. இத்தன வருஷமா பாதிப் பாட்ட வாசிச்சு கைத்தட்டு வாங்கியிருக்கோம்" என்றார் ரொட்டிக்காரர். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. காரணம் இருந்தது. நகரின் பெரிய மண்டபத்தில் பழைய ராக் பாட்டுகளுக்கென்றே ஒரு மாலை. அந்த மேடை முதல்முறையாக இவர்களுக்குக் கிடைத்திருந்தது. இசைத்தட்டில் உள்ளபடியே வாசிக்க வேண்டும் என்பது அமைப்பாளரின் ஒரே நிபந்தனை.

மறையும் முடிவை வாசித்துப் பார்த்தார்கள். மெதுவாக, இன்னும் மெதுவாக. கிதாரைவிட தம்பியின் நாற்காலி முனகுவது பெரிதாகக் கேட்டது.

"தூங்குற குழந்தையத் தாண்டிப் போற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

ரொட்டிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாத்தியக் கடையில ஒருத்தர் இருக்காரும்மா. இந்தத் தட்டுல இருக்கறத அச்சு அசலா அடிப்பாரு. இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும்..."

"ஒரு கச்சேரிக்கு மட்டுமாண்ணே?"

ரொட்டிக்காரர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தார். ஆள் கிடைக்கும்வரை என்று உட்காரச் சொன்னது அவர்தான். அந்தப் பேச்சு அவருக்குள் முடியாமலே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. கணவர் வாயைத் திறந்தார். அக்கா கையால் தடுத்தார்.

"முழுப் பாட்டையும் நான் கத்துக்கறேன். மண்டபத்துல ஓர் அடி பிசகினாலும் நானே எந்திரிச்சுடறேன். அப்புறம் அவரையே உக்கார வைங்க."

இசைத்தட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார். குறை கண்டுபிடிக்கத்தான் முதலில் கேட்டார். ஆனால் மீதிப் பாதி அவருக்குப் பிடித்துத் தொலைத்தது. முதல் பாதி ஏறுவது; இது ஏறியவன் மேலே நின்று நாலு பக்கமும் பார்ப்பது. தாளம் லேசாகப் பின்னால் சாய்ந்து, அவசரமில்லாமல் நடக்கும். அடிப்பதைவிட அடிக்காமல் விடும் இடங்களைத்தான் பயில வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டுவார். "சோறு ஆறுது" என்பார் கணவர். "ஆறட்டுங்க. இந்த எடம் இன்னும் வரல" என்பார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் இசைத்தட்டு ரசிகர்கள். மீதிப் பேர் இவர்களுடைய கூட்டம், சலவைக்கூடத்தில் உடன் வேலை செய்பவர்கள் மூன்று வரிசைக்கு. மற்றப் பாட்டுகள் சுத்தமாகப் போயின. பிறகு அக்கா நான்கு முறை கதவைத் தட்டினார். மண்டபம் எழுந்து நின்றது.

ஏற்றம், உச்சி, அந்த ஓர் அடி. ஒப்பந்தப்படி குழு நிற்காமல் மறுபக்கம் இறங்கியது. ஆனால் கூட்டம் நின்றுவிட்டது. தூக்கிய கைகள் தூக்கியபடி, சிலைகளாக. மேடையில் மட்டும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, பயணிகளை விட்டுவிட்டுக் கிளம்பிய பேருந்து மாதிரி. யாரோ சிரித்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ரொட்டிக்காரரின் குரல் தளர்ந்தது. அக்கா ஓர் அடிகூடப் பிசகவில்லை. எழுந்து போகவும் தேவையில்லை. இப்படியே வாசித்து முடித்தால் அவர் இருக்கை அவருக்கு.

இறங்கிய கைகளைப் பார்த்தார். இசைத்தட்டில் இல்லாத ஏற்றத்தை மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். கணவர் திரும்பக்கூட இல்லை. கீழிருந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினார். கிதாரும் சேர்ந்தது. ரொட்டிக்காரர் மைக்கைப் பிடித்தபடி பின்னால் பார்த்தார். அக்காவின் குச்சி தலைக்கு மேலே நின்றது. ரொட்டிக்காரர் ஒரு கணம் தயங்கி, மூச்சை இழுத்து, அந்த வரியைப் பாடினார். கூட்டத்தின் கைகள் மேலே போயின.

ஓர் அடி.

நான்கு மூலையும் ஒன்றாக விறைத்தன. மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அக்கா அந்த அமைதியை இதுவரை எங்கும் பிடிக்காத அளவுக்குப் பிடித்துவைத்தார். இனித் தாங்காது என்ற இடத்தில், மெதுவாக, நான்கு தட்டல்கள். மீதிப் பாதி பிறந்தது.

எழுந்த சத்தத்தில் அவருக்குத் தன் டிரம்மே கேட்கவில்லை. இசைத்தட்டு ரசிகர்களும் சலவைக்கூடத்து வரிசைகளும் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். மேடையோரத்தில் அமைப்பாளரின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. குழு ஒலியைக் குறைத்தது, கூட்டம் குறைக்கவில்லை. கிதார் அடங்கியது, பேஸ் அடங்கியது, ரொட்டிக்காரர் மைக்கைத் தாழ்த்திவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா குச்சிகளை மடியில் வைத்தார். பாட்டு தொலைவுக்குப் போயிருந்தது, ஆனால் அது போன இடம் மண்டபம் முழுக்க இருந்தது.

டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குத் தலைகள் மட்டும்தான் தெரியும். முழுதாகப் பார்க்க அக்கா எழுந்து நின்றார்.

ரொட்டிக்காரர் திரும்பியவர் பதறிப்போனார். மைக் கையில் உயிரோடு இருப்பது அவருக்கு நினைவில்லை.

"ஏம்மா எந்திரிச்ச? அது ஒன் எடம். உக்காரு, உக்காரு."

மண்டபம் முழுக்கக் கேட்டது. "உக்காருக்கா" என்று சலவைக்கூடத்து வரிசைகள் மூன்றும் சேர்ந்து கத்தின.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குச்சிகளைத் தட்டி அடுத்த பாட்டுக்கு எண்ணத் தொடங்கினார்.