பக்கம் திருப்பும் கை

மகளைக் குளிப்பாட்டி, துவாயில் சுற்றித் தூக்கியபோதுதான் அந்த வலி முதலில் வந்தது. இடது பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி மேலே ஓடியது, உள்ளே ஒரு கம்பியை யாரோ வெடுக்கென்று இழுத்ததுபோல. குழந்தையை நான் விட்டுவிடவில்லை. ஆனால் விட்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னோடு வீட்டுக்குள் நடந்தது.

பிரசவ அலுப்பு என்று நினைத்தேன். பிறகு நித்திரைக் குறைவு என்று நினைத்தேன். பிறகு ஒருவேளை நான் சரியாகச் சாப்பிடவில்லையோ, குளிர்ந்த தண்ணீரில் துணி அலசியதாலோ, குழந்தையைத் தூக்கத் தெரியாதவளோ என்று நினைத்தேன். கடைசியாக நினைத்ததுதான் உண்மைக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் அது எனக்குத் தெரியவர நாளானது.

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் போனைப் பிடித்து இதைப் படிக்கிற தாய்மாருக்காகத்தான் எழுதுகிறேன். மற்றக் கையின் பெருவிரல் குழந்தையின் கழுத்துக்கடியில் எப்படி விரிந்திருக்கிறது என்று இப்போதே ஒருமுறை பாருங்கள்.

நான் கொழும்பில் ஒரு சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசிப்பவள். இரத்தினபுரிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், என் கணவர் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையின் குவாட்டர்ஸில் இருக்கிறோம். வயலின் என்றால் இங்கே கோயில் கச்சேரிதான் நினைவுக்கு வரும். நான் கான்வென்டில் படிக்கும்போது கற்றது மேற்கத்திய வயலின். எங்கள் குழுவில் தரையில் யாரும் அமர்வதில்லை. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்ட், அதில் ஒரு இசைத்தாள். ஒரே பகுதியைப் பலர் ஒரே ஒலியாக வாசிக்க வேண்டும். ஒருவரின் வில் மேலே போகும்போது எல்லாருடைய வில்லும் மேலே போகும். தனியாக ஒருவர் காதில் விழுந்தால் அது பிழை.

"அம்புட்டு பேரும் ஒரே பாட்டத்தான வாசிக்கிறீங்க, நீ ஒருத்தி இல்லாட்டி தெரியவா போவுது?" என்று மாமி, என் கணவரின் அம்மா, கேட்பார். நான் விடியற்காலை பஸ்ஸில் ஒத்திகைக்குப் புறப்படும் நாட்களில் எல்லாம் கேட்பார். கிண்டல் பாதி, அக்கறை பாதி. நான் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

எங்களில் பெரும்பாலானோர் இசைக்குழுவை மட்டும் நம்பி வாழ்வதில்லை. பாடசாலைகளில் கற்பிக்கிறோம், ஹோட்டல் கல்யாணங்களில் வாசிக்கிறோம். ஆனால் குழுவில் இருக்கும் நாற்காலி வேறு. தேர்வில் திரைக்குப் பின்னால் நின்று, தேர்ந்தெடுப்பவர்களுக்கு முகம் காட்டாமல் வாசித்து அதைப் பெறுகிறோம். எனக்குக் கிடைத்தது மூன்றாவது ஸ்டாண்டின் உள்பக்க நாற்காலி. குழந்தை பிறந்ததும் அங்கே பதிலாளாக ஒருவர் வந்தார். வருட முடிவுக் கச்சேரியின் ஒத்திகைகளுக்கு நான் திரும்பாவிட்டால் நாற்காலி அவருக்கு. விதி அப்படி. யார்மீதும் குறையில்லை.

அதனால் மணிக்கட்டு வலித்தபோது நான் வயலினைத்தான் சந்தேகித்தேன். வயலினின் கழுத்தைத் தாங்குவது இடது பெருவிரல். அதிகம் அழுத்துகிறேன் போலும் என்று பெட்டியை மூடி அலுமாரியின் மேல் வைத்தேன். மழை மாதம். பெட்டிக்குள் கம்பி முறுக்கும் ஆணிகள் ஈரத்தில் வீங்கிக் கிடக்கும் என்று தெரிந்தும் திறக்கவில்லை. கை குணமாகட்டும் என்று வாரக்கணக்கில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை.

வலி கூடியது. போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. கதவுத் திறப்பைத் திருப்ப முடியவில்லை. மாமி எண்ணெய் சுடவைத்து நீவிவிட்டார். "நரம்பு பெரண்டிருச்சு" என்றார். நீவியபோது சுகமாக இருந்தது, பிறகு இன்னும் வீங்கியது. இதைச் சொன்னால் அவர் மனம் நோகும் என்று சொல்லாமல் இருந்தேன்.

ஒரு பகல், குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கும்போது பெருவிரல் தானாக விட்டுவிட்டது. அவள் என் முழங்கையில் சரிந்து மெத்தையிலேயே விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரிக்கக்கூடச் செய்தாள். நான்தான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிட வந்த என் கணவர் பிரபா என்னைப் பார்த்தார்.

"ஏன் கீழ உக்காந்திருக்க?"

"புள்ளைய விட்டுட்டேங்க."

"எங்க விட்ட?"

"மெத்தையிலதான்."

"மெத்தையில வச்சா அதுக்குப் பேரு படுக்க வக்கிறது," என்றார். பிறகு என் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்கு டவுனுக்குப் போறோம். எண்ணெ போதும்."

இரத்தினபுரியில் மருத்துவர் சிங்களத்தில்தான் பேசினார். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, மற்ற விரல்களால் மூடச் சொன்னார். பிறகு என் மணிக்கட்டைச் சிறுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தசைநாண் உறை அழற்சி என்றார். (தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. பெருவிரலை விரிக்கும் இரண்டு கயிறுகள் மணிக்கட்டில் ஒரு சிறிய உறைக்குள்ளே ஓடுகின்றன. உறை வீங்கினால் கயிறு உரசும்.) நான் வயலினைப் பற்றி விடாமல் சொல்லிக்கொண்டே போனேன்: எப்படிப் பிடிக்கிறேன், எத்தனை காலமாக வாசிக்கிறேன், ஒத்திகை எப்போது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்றார். கைக்குழந்தை உள்ள தாய்மார் இந்த வலியோடு அடிக்கடி வருவார்களாம். வயலினோடு வந்தது நான்தான் முதல் ஆளாம்.

அங்கிருந்து பிசியோதெரபிக்கு (உடற்பயிற்சியால் குணப்படுத்தும் பிரிவுக்கு) அனுப்பினார். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், என் வயதுதான் இருக்கும்.

"பிள்ளையைத் தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்," என்றார்.

பிரபாவின் மடியிலிருந்து தூக்கிக் காட்டினேன்.

"வயலின் எந்தக் கையிலை பிடிக்கிறனீங்கள்?"

"இடது கையில."

"பிள்ளையை?"

நான் என் கையைப் பார்த்தேன். மகள் என் இடது தோளில் இருந்தாள். அவள் தலையின் கீழே என் இடது பெருவிரல் விறைத்து விரிந்திருந்தது. என் தாடை அவளுடைய முதுகின் மேல் சாய்ந்திருந்தது.

"வாசிக்கிறதை விட்டாச்செண்டு சொன்னீங்கள்," என்று சிரித்தார் அவர். "எங்கை விட்டனீங்கள்? நாள் முழுக்க வாசிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறீங்கள்."

சிறு வயதிலிருந்தே இடது கைதான் பெறுமதியானதைப் பிடித்துக்கொள்ளும் கை. வலது கையில் வில் இருக்கும், அது அசைய வேண்டும். அந்தப் பழக்கத்தில் குழந்தையையும் அங்கேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். பாரம் குறைந்த வயலினை ஒதுக்கிவைத்துவிட்டு, நாளுக்கு நாள் பாரம் கூடுகிற ஒன்றை அதே கையில் தூக்கிக்கொண்டே கை ஏன் ஆறவில்லை என்று யோசித்திருக்கிறேன்.

அவர் வேறு விதமாகத் தூக்கக் காட்டிக் கொடுத்தார். முழங்காலிட்டுக் கிட்டப் போக வேண்டும். உள்ளங்கைகள் மேல்நோக்கி, பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி, பாரம் முன்கையில் விழ வேண்டும். கேட்க இலகுவாக இருக்கிறது. அழுகிற குழந்தையின் முன்னால் அதை நினைவில் வைத்திருப்பது இலகுவல்ல. முதல் நாட்களில் பாதித் தடவை மறந்துபோனேன். மறந்துவிட்டேனே என்ற கவலையில் மறுபடி மறந்தேன்.

பெருவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அதுவும் போதாமல், வீக்கம் தணிக்கும் ஸ்டீரொயிட் ஊசியை மணிக்கட்டில் போட்டார்கள். பால் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன், கொடுக்கலாம் என்றார். வெளியே வந்ததும் சரியாகத்தான் கேட்டேனா என்ற சந்தேகம் வந்து திரும்பிப் போய்த் தாதியிடமும் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து ஒரு சிறு திட்டு விழுந்திருக்கிறது. காலப்போக்கில் மறையலாம் என்கிறார்கள்.

வலி குறைந்தது, போகவில்லை. அந்த நிலையில் ஒத்திகைக்குப் போனேன். பட்டையைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்தேன். எங்கள் தொழிலில் கை வலிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, பதிலாள் எப்போதும் ஒருவர் இருக்கிறார்.

உள்பக்க நாற்காலிக்கு ஒரு கடமை உண்டு. பக்கம் முடியும்போது வெளிப்பக்கத்தில் இருப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார். உள்பக்கத்தில் இருப்பவர் வாசிப்பை நிறுத்தித் தாளைத் திருப்ப வேண்டும். சிலர் வில் பிடித்த கையாலேயே திருப்புவார்கள். எனக்கு வில்லின் நுனி பக்கத்தில் இருக்கும் நிரோஷாவின் கண்ணில் குத்திவிடும் என்று எப்போதும் பயம். வயலினைத் தாடையில் இறுக்கிக்கொண்டு, இடது பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தாளின் மூலையைக் கிள்ளித் திருப்புவேன்.

வாசிக்க முடிந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை, விரல்கள் இடத்தை மறக்கவில்லை. வேகமான பகுதியின் நடுவே பக்கம் வந்தது. மூலையைக் கிள்ளினேன். பெருவிரல் விட்டுவிட்டது. தாள் திரும்பாமல், முழுவதும் ஸ்டாண்டிலிருந்து நழுவி விழுந்தது. நிரோஷா வில்லை நிறுத்தினாள். எங்கள் ஸ்டாண்ட் இருந்த இடத்தில் ஒலியில் ஒரு ஓட்டை விழுந்தது. எங்கள் வயலின் பகுதியின் தலைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஃபேன் காற்று," என்றேன்.

தேநீர் இடைவேளையில் நிரோஷா என்னை விடவில்லை. சிங்களத்தில்தான் பேசுவோம், என் தமிழில் தருகிறேன்.

"ஃபேன் நம்ம பக்கம் சுத்தவே இல்ல, வினோ. கைய நீட்டு."

நீட்டினேன். வெளுத்த திட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நாற்காலி போயிரும்."

"என் சின்ன விரல் மரத்துப்போய் எவ்வளவு காலம் தெரியுமா?" என்றாள். "பக்கத்துலதான இருக்க, கவனிக்கலையா?"

"நீ சொன்னதே இல்லையே."

"நீ மட்டும் சொன்னியா?"

கடைசி ஸ்டாண்டில் இருக்கும் லலித் அண்ணா பிளேன்டீயோடு வந்து நின்றார். இராணுவ வாத்தியக் குழுவில் இருந்து ஓய்வு பெற்றவர். "எனக்கு இடது தோள் மேலே வராது," என்றார் சாதாரணமாக. "ஷேர்ட் மாட்டுறதே பெரிய கச்சேரி. ஆனா வில்லோட கை நல்லாருக்கு, பக்கம் நல்லாத் திருப்புவேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள் தேறும், தங்கச்சி."

சிரித்தோம். வீடு திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்தபடி வந்தேன். லலித் அண்ணாவின் பக்கத்து நாற்காலி அந்தக் கச்சேரிக்குக் காலியாக இருந்தது. அது வெளிப்பக்கம். அங்கே இருந்தால் நான் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது ஸ்டாண்டிலிருந்து கடைசி ஸ்டாண்டுக்குப் போவது கீழே போவது. திரும்பி வருவேன் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். பாதி வழியில் அவிசாவளை ஊரைத் தாண்டும்வரை, அந்த நாற்காலியைக் கேட்போம் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து மகளை முன்கையில் ஏந்தியபோது மறுபடி கேட்போம் என்று தோன்றியது. உடனே பகுதித் தலைவரை அழைத்துப் பேசிவிட்டேன், இல்லாவிட்டால் இன்னொரு முறை மாறியிருப்பேன்.

கையைப் பற்றி முழுவதும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "மூன்றாவது ஸ்டாண்டைப் பிடித்துவைக்க என்னால் முடியாது. தெரியும்தானே?" என்றார்.

"தெரியும், சேர்."

"அப்படியானால் லலித்தோடு இருங்கள். பட்டையைக் கட்டிக்கொண்டே ஒத்திகைக்கு வாருங்கள், கச்சேரியில் மட்டும் கழற்றினால் போதும்."

பதிலாளாக வந்தவர் என் இடத்தில் தொடர்ந்தார். நல்ல வாசிப்பு. அவர் பக்கம் திருப்பும் விதத்தை ஒவ்வொரு ஒத்திகையிலும் பின்னாலிருந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

கச்சேரியன்று மாமி குழந்தையை வைத்துக்கொண்டு போனில் நேரலையைப் பார்த்தார். இடைவேளையில் அழைத்தார்.

"ஒன்னத் தேடித் தேடிப் பாக்குறேன், காணலயே. எங்க இருக்க?"

"கடைசியில இருக்கேன் மாமி. எனக்கு முன்னுக்கு ஒரு உசரமான ஆளு."

"அவன நவரச் சொல்லேன்."

"அவரும் வாசிக்கணுமே மாமி."

"கையி வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"புள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. போயி வாசி."

இரண்டாம் பாதியில் அந்த வேகமான பகுதி வந்தது. பக்கம் முடிந்தது. லலித் அண்ணா வில்லைத் தூக்கி, அதே கையால் தாளின் மூலையைத் தொட்டார். அவர் திருப்பிவிட்டு மீண்டும் வந்து சேரும்வரை எங்கள் ஸ்டாண்டின் ஒலி நான் மட்டும்தான். உள்பக்கத்தில் இருந்த காலம் முழுவதும் அந்த நேரத்தில் நான் தாளோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறேன். இசை என்னை விட்டுப் போயிருக்கும், ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதுபோல ஓடிப் போய் ஏறியிருக்கிறேன். இப்போது அது என் கையில் இருந்தது. அரங்கில் யாருக்கும் அது தெரிந்திருக்காது. நான் நிறுத்தியிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும்.

கை முழுவதும் குணமாகிவிட்டது என்று நான் இன்னும் சொல்வதில்லை. விழித்ததும் முதலில் பெருவிரலைத்தான் அசைத்துப் பார்க்கிறேன். வலி இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று இன்னொரு முறை அசைக்கிறேன். அடுத்த பருவத்துக்கான தேர்வு வருகிறது. திரைக்குப் பின்னால் மறுபடி நிற்பேனா என்று ஒரு நாள் ஒன்று நினைக்கிறேன், மறுநாள் வேறொன்று.

மகளைத் தூக்கும் முன் மட்டும் இப்போது ஒரு கணம் நிற்கிறேன். முழங்காலிடுகிறேன், பெருவிரலை ஒட்டிக்கொள்கிறேன், கைகளை அவளுக்குக் கீழே கொடுக்கிறேன். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் மூன்று தடவை தூக்கியிருப்பேன். அவள் அதற்குப் பழகிவிட்டாள். நான் முழங்காலிட்டதும் அழுகையை நிறுத்தி, கால்களைத் தானே மேலே தூக்கி, என் கைகள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.